எக்ஸ்.டி.சி.யின் ‘ஸ்கைலார்க்கிங்’ எல்பி: எந்தப் பதிப்பு வாங்கலாம்? வயரை மாற்றிப் போட்டால் போதுமா?

மருதம்33

எக்ஸ்.டி.சி. என்ற ஆங்கிலப் பாப் குழுவைப் பற்றி இங்கே துண்டு துண்டாகப் பேசியிருக்கிறோம். அவர்களின் ‘ஸ்கைலார்க்கிங்’ ஆல்பத்துக்கு மட்டும் தனி இழை இல்லை, அதனால் தொடங்குகிறேன்.

கையில் இருப்பது 1986-ல் வந்த இங்கிலாந்து வர்ஜின் பதிப்பு. பாட்டுகளைப் பற்றிக் குறையே இல்லை. ஒலியில்தான் சந்தேகம்: பேஸ் மெலிந்திருக்கிறது, கிக் டிரம் காதுக்கு வருகிறதே தவிர நெஞ்சில் படவில்லை. துருவம் தலைகீழாக, அதாவது ஒலி அலை மேல்கீழாகத் திரும்பிப் பதிவான ஆல்பம் இது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். மூன்று கேள்விகள்:

எந்தெந்தப் பதிப்பில் அந்தக் கோளாறு இருக்கிறது? ஸ்பீக்கர் வயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடுமா, இல்லை திருத்திய பதிப்பையே வாங்க வேண்டுமா? இவ்வளவு குழப்பத்துக்குப் பிறகும் இந்த ஆல்பத்தைத் தேடிப்பிடித்து வாங்க இன்னும் ஆள் இருக்கிறார்களே, அது எதனால்?

ஊசிமுனை

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

1986 அக்டோபரில் இங்கிலாந்தில் வர்ஜின் வெளியிட்டது, எண் வி 2399. அமெரிக்காவில் கெஃபன், ஜிஎச்எஸ் 24117. இரண்டுமே ஒரே மாஸ்டரிலிருந்து (அச்சடிக்க மூலமான இறுதி டேப்பிலிருந்து) வந்தவை, ஆகவே இரண்டிலும் துருவம் தலைகீழ்தான். பிறகு வந்த பழைய சிடிகளும் அப்படியே.

கோளாறு 2010-ல்தான் வெளியே தெரிந்தது. வினைலுக்காகப் புதிதாக மாஸ்டர் செய்ய உட்கார்ந்த ஜான் டென்ட் கண்டுபிடித்தார். பல்தட ரெக்கார்டருக்கும் ஸ்டீரியோ கலவை இறங்கும் மெஷினுக்கும் நடுவே எங்கோ வயர் மாறியிருக்கிறது என்பது அவர் கணிப்பு. அந்த ஸ்டுடியோவுக்குள்ளேயே கேட்கும்போது இது தெரிந்திருக்காது, டேப் வெளியே போன பிறகுதான் தெரியும். அதைத் திருத்தி, குழுவின் பாடகர் ஆண்டி பார்ட்ரிட்ஜின் ஏப் ஹவுஸ் லேபிள் 2010-ல் இரட்டைத் தட்டாக, 45 சுழற்சியில் வெளியிட்டது. திருத்திய சிடி 2014-ல் வந்தது. 2016-ல் ஸ்டீவன் வில்சன் பல்தட டேப்பிலிருந்து மறுபடி கலவை செய்த பதிப்பு வந்தது. அது கலவையே வேறு என்பதால் இந்தக் கணக்கில் சேராது.

கெஃபன் தட்டு வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். முதலில் வந்ததில் ‘மெர்மெய்ட் ஸ்மைல்ட்’ இருக்கும், ‘டியர் காட்’ இருக்காது. ‘டியர் காட்’ முதலில் ‘கிராஸ்’ சிங்கிளின் பின்பக்கப் பாட்டு. அமெரிக்க வானொலிகள் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டதும், கெஃபன் ‘மெர்மெய்ட் ஸ்மைல்ட்’டை எடுத்துவிட்டு இதைச் சேர்த்து மறுபடி அச்சடித்தது. உறையை மட்டும் நம்ப வேண்டாம். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளின் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கி, இரண்டாம் பக்கத்துப் பாட்டுகளைப் படித்துப் பாருங்கள்.

ஈயப்பற்று

வயர் விஷயம் என் பாடு.

துருவம் தலைகீழ் என்றால் இடம் வலம் இரண்டு சேனலும் சேர்ந்தே தலைகீழ். டிரம்மை அடித்ததும் ஸ்பீக்கர் கோன் வெளியே தள்ளுவதற்குப் பதில் முதலில் உள்ளே இழுக்கும். ஒரு சேனல் மட்டும் மாறுவது முற்றிலும் வேறு கோளாறு. அங்கே இரண்டு பக்கத்து பேஸும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பாடகரின் குரல் நடுவில் நிற்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் வயரை மாற்றி ஏமாந்துபோகிறார்கள்.

செய்முறை: ஆம்ப்ளிஃபையரை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்பீக்கரின் பின்னால், இரண்டு ஸ்பீக்கரிலும், சிவப்பில் இருக்கும் வயரைக் கறுப்புக்கும் கறுப்பில் இருப்பதைச் சிவப்புக்கும் மாற்றுங்கள். ஆம்ப் பக்கம் கை வைக்க வேண்டாம். பை-வயர் செய்த ஸ்பீக்கர் என்றால் ஒவ்வொன்றிலும் வூஃபருக்கு (பேஸ் ஒலிப்பது) ஒன்று, ட்வீட்டருக்கு (உச்ச ஒலிகளுக்கானது) ஒன்று என இரண்டு ஜோடி இருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். வூஃபர் ஜோடியை மட்டும் மாற்றினால் வூஃபரும் ட்வீட்டரும் சந்திக்கும் அலைவரிசையில் பெரிய பள்ளம் விழும், குரல் குகைக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும்.

சரியாக மாற்றினோமா என்று பார்க்க, ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். பரவிக்கொண்டு பேஸும் காணாமல் போனால் ஒரு பக்கம்தான் மாறியிருக்கிறது.

கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டி) நான்கு பின்னிலேயே மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள் (வெள்ளை இடது நேர், நீலம் இடது எதிர், சிவப்பு வலது நேர், பச்சை வலது எதிர்). நான் பரிந்துரைக்க மாட்டேன். பல கார்ட்ரிட்ஜ்களில் உடல் தகடு ஒரு எதிர்ப் பின்னோடு சின்னப் பட்டையால் இணைந்திருக்கும். அதைக் கழற்றாமல் மாற்றினால் தகடு சிக்னலோடு சேர்ந்துகொள்ளும், ஹம் என்ற இரைச்சல் ஆரம்பிக்கும். அந்த மெல்லிய வயர்கள் அறுந்தால், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன்ஆர்மையே பிரிக்க வேண்டிவரும்.

மருதம்33

நன்றி ஈயப்பற்று அண்ணா. இரண்டு சந்தேகம். சப்வூஃபர் இருந்தால் என்ன செய்வது? நம்முடைய சிஸ்டமே ஏற்கெனவே தலைகீழாக இருந்தால் எப்படித் தெரியும்?

ஈயப்பற்று

சப்வூஃபரின் வயரைத் தொடாதீர்கள். அதன் பின்னால் 0/180 என்று ஃபேஸ் சுவிட்ச் இருக்கும், 180-க்குத் தள்ளுங்கள். இந்த ஆல்பம் முடிந்ததும் ஸ்பீக்கரையும் சுவிட்சையும் சேர்த்தே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்றை மறந்தால், ஸ்பீக்கரும் சப்பும் சந்திக்கும் கிராஸ்ஓவர் அலைவரிசையில் பேஸ் ஓட்டையாகிவிடும், அடுத்து போடுகிற எல்லாத் தட்டும் பழுதாகக் கேட்கும். ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் சப் என்றாலும் இதேதான். அந்த வயர் ஆம்ப் முனையில் பழையபடியே இருக்கட்டும்.

இரண்டாவது நல்ல கேள்வி. நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர், மின்சுற்று இரண்டையும். ஸ்பீக்கரை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் அரை நொடி தொட்டுப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். வூஃபர் வெளியே தள்ள வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் பலவற்றில் உள்ளே போகும், அவர்கள் அந்தக் காலத்தில் வைத்திருந்த வழக்கம் அது. மின்சுற்றில், ஒற்றை வால்வு நிலை கொண்ட ப்ரீஆம்ப்கள் சிக்னலைத் தலைகீழாக்கும். கையேட்டில் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு ப்ரீஆம்ப் இருந்தால் உங்களிடம் இந்த ஆல்பம் ஏற்கெனவே நேராகத்தான் ஒலித்துக்கொண்டிருக்கிறது, மாற்றினால்தான் தலைகீழாகும்.

வயரோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் தட்டைக் கணினியில் ஏற்றி, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரண்டு சேனலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ‘இன்வர்ட்’ கொடுங்கள். ஒலியின் தரம் துளியும் குறையாது. கிக் டிரம் தனியாகக் கேட்கும் ஓர் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் அலை மேலே போகிறதா கீழே போகிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

பனங்காடு

எல்லாரும் வயரிலேயே நிண்டுகொண்டிருக்கிறீங்கள். ஒரு விசயத்தைத் தெளிவாச் சொல்லவேணும்: துருவத்தைத் திருப்பினவுடனே பழைய வர்ஜின் தட்டு 2010 தட்டாக மாறாது.

நீண்டு ஒலிக்கிற சுரத்திலை துருவம் மாறினாலும் காதுக்கு அநேகமா வித்தியாசம் தெரியாது. டிரம், பித்தளைக் கருவி மாதிரி மேல்பாதியும் கீழ்பாதியும் ஒத்துப்போகாத அலைகளிலைதான் தெரியும், அதுவும் கொஞ்சம்தான். 2010 பதிப்பிலை நீங்கள் கேக்கிற அந்தப் பேஸ் துருவத்தாலை மட்டும் வரேல்லை. டென்ட் புதுசா மாஸ்டர் செய்திருக்கிறார், தட்டு 45-இலை சுத்துது, ஒரு பக்கத்துக்கு மூண்டு நாலு பாட்டுத்தான், அதாலை ஊசி ஓடுற பள்ளத்தை அகலமா, உரக்க வெட்ட இடம் கிடைச்சிருக்கு. பழைய தட்டிலை ஒரு பக்கத்துக்கு ஏழு பாட்டு, கிட்டத்தட்ட 23 நிமிசம். அவ்வளவு நேரத்தை அடக்க வேணுமெண்டால் வெட்டுறவர் ஒலியைக் குறைப்பார், பேஸையும் கட்டிப்போடுவார். எந்த வயரை மாத்தினாலும் அது திரும்பி வராது.

வயரை மாத்திக் கேட்டுப் பாருங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ‘கிராஸ்’, ‘எர்ன் இனஃப் ஃபார் அஸ்’ இரண்டிலையும் கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் கொஞ்சம் இறுகிச் சேரும். அதுக்கு மேலை எதிர்பாக்காதேங்கோ.

ஈயப்பற்று

பனங்காடு சொல்வது சரி. கோளாறு உண்மை, திருத்தமும் உண்மை. ஆனால் பெரும்பங்கு மாஸ்டரிங்கிலும் வெட்டிலும் இருக்கிறது.

சுதிப்பெட்டி

மூன்றாவது கேள்விக்கு யாரும் போகவில்லை, எனக்கு அதுதான் முக்கியம்.

எக்ஸ்.டி.சி. ஸ்விண்டன் ஊர்க்காரர்கள். 1978-ல் ‘வைட் மியூசிக்’, 1979-ல் ‘டிரம்ஸ் அண்ட் வயர்ஸ்’ என்று வெடுக் வெடுக்கென்று ஒடித்து வாசிக்கும் போஸ்ட்-பங்க் குழுவாகத்தான் வந்தார்கள். 1982-ல் பார்ட்ரிட்ஜால் மேடை ஏற முடியாமல் போனது, சுற்றுப்பயணத்தை நிறுத்தினார்கள், டிரம்மர் டெரி சேம்பர்ஸும் விலகினார். அதன் பிறகு மேடையில் நாலு பேரால் வாசிக்க முடியுமா என்ற கவலையே இல்லாமல் எழுதத் தொடங்கினார்கள். நாலு வருடம் கழித்து வந்த ‘ஸ்கைலார்க்கிங்’கில் அந்தச் சுதந்திரம் முழுசாகக் கனிந்திருக்கிறது.

தயாரிப்பாளர் டாட் ரண்ட்கிரென். டெமோ டேப்புகளைக் கேட்டுவிட்டு, ஒரு சுரம் பதிவாகும் முன்பே எந்தப் பாட்டு, எந்த வரிசை என்று முடிவு செய்துவிட்டார். கோடைப் பகலில் தொடங்கி, காதல், கல்யாணம், சம்பளக் கவலை, சாவு, இலையுதிர்காலத் தீ என்று முடிகிற ஒரு சுற்று. பார்ட்ரிட்ஜுக்கும் அவருக்கும் ஒத்துவரவே இல்லை, பதிவு முழுக்கச் சண்டை. ‘எர்ன் இனஃப் ஃபார் அஸ்’ பேஸ் வாசிப்பு பற்றிய தகராறில் பேஸ் கிட்டார்காரர் காலின் மோல்டிங் கொஞ்ச காலம் குழுவை விட்டே போனார். ஆனாலும் அந்த வரிசை நின்றது, ஆல்பத்தின் முதுகெலும்பே அதுதான்.

‘சம்மர்ஸ் கால்ட்ரன்’ பூச்சிகளின் ரீங்காரத்தில் தொடங்குகிறது. அதில் மெலோடிகா (வாயால் ஊதி வாசிக்கும் சின்ன கீபோர்டு) வாசிப்பது ரண்ட்கிரெனே. பாட்டு நிற்காமல் ‘கிராஸ்’ஸுக்குள் வழிகிறது, ‘கிராஸ்’ முடியும்போது அதே பூச்சிகள் திரும்பி வருகின்றன. பார்ட்ரிட்ஜ் எழுதிய பாட்டு, மோல்டிங் எழுதிய பாட்டு, இரண்டும் ஒரே மதியமாகிவிடுகிறது. அடுத்து ‘த மீட்டிங் ப்ளேஸ்’: ஆலை வாசலில் காதலியைச் சந்திக்கும் பாட்டு, பின்னால் இயந்திரங்களின் தாளம். ஸ்விண்டனின் ரயில்வே பட்டறை மூடப்பட்டதும் இதே 1986-ல்தான். அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பாட்டின் கனம் வேறு.

இன்னொன்று ‘1000 அம்ப்ரெல்லாஸ்’. டிரம்மே இல்லாத பாட்டு. அரை அரைச் சுரமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் மெட்டு, குழுவின் கிட்டார்காரர் டேவ் கிரகெரி எழுதிய தந்தி வாத்திய அமைப்பு. முந்தைய ‘பாலே ஃபார் எ ரெய்னி டே’வில் மழை அழகாகப் பெய்கிறது, இடைவெளியே இல்லாமல் அடுத்த பாட்டில் அதே மழை துக்கமாகிறது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நல்ல பாட்டு, சேர்த்துக் கேட்டால்தான் அந்தத் திருப்பம் கிடைக்கும்.

காலத்தால் பழசாகாததற்கு இன்னொரு காரணம் டிரம். 1986-ல் வந்த பாப் ஆல்பங்களில் பாதி, கதவை அறைந்து சாத்துகிற மாதிரி எதிரொலி வைத்த ஸ்னேர் டிரம்மால் தேதி குத்தப்பட்டவை. இங்கே டிரம்ஸை சான் ஃபிரான்சிஸ்கோவில் த ட்யூப்ஸ் குழுவின் ப்ரேரி ப்ரின்ஸ் வாசித்தார், அடக்கமான, அறைக்குள் ஒலிக்கும் டிரம். ‘சூப்பர்கேர்ள்’ பாட்டின் ஸ்னேர் மட்டும் ரண்ட்கிரெனின் யுடோபியா குழு 1980-ல் போட்ட ஆல்பத்திலிருந்து எடுத்தது.

அதனால்தான் எனக்கு 2010 இரட்டைத் தட்டில் முழுத் திருப்தி இல்லை. நாலு பக்கமாக வெட்டினால் மூன்று தடவை எழுந்து போய்த் திருப்ப வேண்டும். பழைய தட்டில் ஒரே ஓர் இடைவெளி, அதுவும் சரியான இடத்தில்: ‘சீசன் சைக்கிள்’ பாடி இயற்கையைக் கொண்டாடி முடிகிறது முதல் பக்கம், திருப்பினால் சம்பளம் போதவில்லை என்று தொடங்குகிறது இரண்டாம் பக்கம். அந்த வெட்டைக் கெடுக்கக் கூடாது.

ஊசிமுனை

சுதிப்பெட்டி சொல்லும் வரிசை அருமைதான், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. ஏழு பாட்டும் ஒரே பக்கம் என்றால் ஏழாவது பாட்டு லேபிளை ஒட்டி வந்துவிடும். 33⅓ சுழற்சியில் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியின் அடியில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. வேகத்தில் ஓடும். மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில் அது வெறும் 21 செ.மீ. அதே விவரம் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுவதால், ஊசி அதைப் படிக்கத் திணறும். ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் துப்புவது மாதிரி வரும். பாவப்பட்டவை ‘சீசன் சைக்கிள்’லும் ‘சேக்ரிஃபிஷியல் பான்ஃபய’ரும். முதலாவதில் குரல்கள் அடுக்கடுக்காக வருகின்றன, இரண்டாவதில் கிட்டாரும் தந்தி வாத்தியங்களும். உள்பள்ளக் கோளாறு முதலில் கடிப்பது இவற்றைத்தான். 45-ல் அதே இடத்தில் வேகம் 28 செ.மீ., அதனால்தான் 2010 தட்டில் கடைசிப் பாட்டும் சுத்தமாக வருகிறது.

பழைய தட்டிலேயே கேட்க வேண்டும் என்பவர்களுக்கு:

கூம்பு முனை ஊசியைத் தவிருங்கள். குறைந்தது நீள்வட்ட முனை, முடிந்தால் மைக்ரோலைன். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசையில் உடலை மாற்றாமல் ஊசியை மட்டும் மாற்றலாம், ‘ஈ’ நீள்வட்டம், ‘எம்எல்’ மைக்ரோலைன். அழுத்தம் 2.0 கிராம். எடை குறைந்தால் தட்டு தேயாது என்று 1.5-க்கு இறக்காதீர்கள். ஊசி பள்ளத்தின் சுவரில் மோதி எகிறும், அதுதான் தட்டை நிரந்தரமாகக் கெடுக்கும். டயலை நம்பாமல் டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள்.

கார்ட்ரிட்ஜ் கோணத்துக்குப் பெரும்பாலானோர் பேர்வால்ட் முறை வைத்திருப்பார்கள், பிழையில்லாப் புள்ளிகள் (ஊசி பள்ளத்தோடு சரியாக நேர்ப்படும் இடங்கள்) மையத்திலிருந்து 66.0, 120.9 மி.மீ. இந்த ஆல்பத்தை மனதில் வைத்தால் ஸ்டீவன்சன் முறையைப் பாருங்கள், அதில் புள்ளிகள் 60.3, 117.4 மி.மீ. நடுப்பாட்டுகளில் கொஞ்சம் கூடுதல் பிழை வரும், பதிலுக்குக் கடைசிப் பாட்டு தெளியும்.

பனங்காடு

‘டியர் காட்’ பற்றியும் கதைக்கவேணும். அமெரிக்காவிலை இந்த ஆல்பத்தைக் காப்பாத்தினது அந்தப் பாட்டுத்தான், மறுக்கேலாது. எட்டு வயசுப் பிள்ளையின்ரை குரலிலை தொடங்கி, கடவுளுக்கு எழுதுற கடிதமா விரியிற பாட்டு. ஆனால் ஆல்பத்துக்குள்ளை அது பொருந்தேல்லை எண்டுதான் நான் நினைக்கிறன். மற்றப் பாட்டெல்லாம் வெயிலையும் மழையையும் உடம்பையும் கதைக்குது. இது மட்டும் எழும்பி நிண்டு வாதம் செய்யுது. அதுக்காண்டி ‘மெர்மெய்ட் ஸ்மைல்ட்’டைத் தூக்கினது இன்னும் பிழை. இரண்டரை நிமிசத்துக்குள்ளை கடற்கரையைக் கொண்டுவந்து தாற பாட்டு அது.

சுதிப்பெட்டி

பாதி ஒத்துக்கொள்கிறேன். ‘மெர்மெய்ட் ஸ்மைல்ட்’ போனது நட்டம்தான். ஆனால் ‘டியர் காட்’ அந்நியம் என்று சொல்ல முடியாது. இரண்டாம் பக்கம் போகப் போக இருட்டிக்கொண்டே வருகிறது, ‘டையிங்’ ஒரு முதியவரின் சாவைப் பற்றிய பாட்டு. சாவுக்குப் பக்கத்தில் கடவுளோடு சண்டை போடுவது இயல்பு. என் ஆட்சேபம் வேறு: நீளம். ஏற்கெனவே 22 நிமிடம் தாண்டிய பக்கத்தில் இரண்டரை நிமிடப் பாட்டை எடுத்துவிட்டு மூன்றரை நிமிடப் பாட்டை வைத்தால், ஊசிமுனை சொன்ன அந்த உள்பள்ளத்தில் இன்னும் நெரிசல்.

மருதம்33

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு தட்டுதான் வாங்க முடியும் என்றால்?

ஊசிமுனை

ஒலிக்கு 2010 ஏப் ஹவுஸ் இரட்டைத் தட்டு. வரிசைக்கு வர்ஜின் வி 2399, அது உங்களிடமே இருக்கிறது. முதலில் அதைக் கழுவுங்கள்: வடிநீர், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒரு லிட்டருக்கு இரண்டு சொட்டு வாசனையில்லாத பாத்திர சோப்பு. பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் வடிநீரால் மறுபடி அலசி, நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். லேபிள் நனையக் கூடாது. பிறகு ஊசி, எடை, கோணம். அதெல்லாம் முடிந்த பிறகு வயர்.

இவ்வளவும் செய்து ‘சீசன் சைக்கிள்’ இன்னும் கரகரத்தால், அது முன்பு வைத்திருந்தவரின் தேய்ந்த ஊசி விட்டுப்போன காயம். எந்தத் திருத்தமும் அதைச் சரிசெய்யாது, வேறு பிரதி தேடுங்கள்.

பழையது வாங்கும்போது விற்பவரிடம் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் ஒரு நிமிடம் ஓடவிட்டு ஒலிப்பதிவு கேளுங்கள். முதல் பாட்டைப் போட்டுக் காட்டினால் எல்லாத் தட்டும் நன்றாகத்தான் இருக்கும். மேற்பரப்பு பளபளப்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், பள்ளத்தின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது.

பனங்காடு

2010 தட்டு வாங்கிறவை ஒரு விசயம் மறக்காதேங்கோ: பெல்ட் டர்ன்டேபிள் சிலதிலை 45-க்கு பெல்ட்டைக் கையாலை மேல் கப்பிக்கு மாத்தவேணும். 33-இலை ஓடவிட்டுட்டு தட்டு பழுது எண்டு திருப்பி அனுப்பிறவை இருக்கினம். ஸ்பீக்கர் வயரை ஏற்கெனவே மாத்தி வைச்சிருந்தால், இந்தத் தட்டைப் போட முதல் பழையபடி திருப்பிப் போடுங்கோ. இதிலை துருவம் நேராத்தான் இருக்கு.